சந்தனப் பொட்டு வைத்த வால்வு ஆம்ப்

மஸ்கட் விமான நிலையத்திலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. கவுண்டரில் இருந்த பையன் என் கிட்டாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது உள்ளே வராது, லக்கேஜில் போடுங்கள்" என்றான். எனக்கு முன்னால் நின்றவர் மூன்று கம்பளிகளையும் ஒரு மிக்ஸியையும் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவர் போகலாம், என் கிட்டார் போகக் கூடாதாம். கத்தினேன். மேலாளர் வந்தார். அவரிடமும் கத்தினேன். கடைசியில் அந்தப் பையன் கிட்டார் பெட்டியின் மேல் 'உடையும் பொருள்' என்று ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, ஒட்டிய கையோடு அதை பெல்ட்டில் குப்புறப் போட்டான்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. என் கைப்பையில் நான்கு காலுறைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வால்வு, அதாவது ஆம்ப்ளிஃபயருக்குள் சொருகும் கண்ணாடிக் குழல். அதிகாரி நான்கையும் உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல்பா என்று கேட்டார். கிட்டார் ஆம்புக்கான வால்வு என்றேன். "உங்கள் கணவர் வாசிப்பாரா?" என்றார்.

இந்தக் கேள்வியை மூன்று நாடுகளில் கேட்டாயிற்று. எனக்குக் கணவரே இல்லை என்றேன். அவர் வால்வுகளை ஒரு தட்டிலும் காலுறைகளை இன்னொரு தட்டிலும் போட்டுத் தள்ளிவிட்டார். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுக்க, நான் எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். சென்னையில் இறங்கிப் பார்த்தால் நான்கில் இரண்டு தூள். கிட்டாரின் ஆறாவது கம்பியின் முறுக்காணி வளைந்திருந்தது. அள்ளிப் போட்டது நான்தான். ஆனாலும் மறைமலைநகரில் அக்கா வீடு வந்து சேரும்வரை அந்த அதிகாரியைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

என் பெயர் ரூபி. வயது நாற்பத்தொன்று. மறைமலைநகரில் வளர்ந்தவள், சர்ச்சில் கிட்டார் பழகியவள். பதினோரு வருடமாக மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில், பாடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று வாசிப்பதுதான் பிழைப்பு. பாடுகிறவர்கள் வருவார்கள், போவார்கள். நான் அதே தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். சாப்பிடுகிறவர்கள் தட்டைப் பார்ப்பார்கள், பாடுகிறவரைப் பார்ப்பார்கள், என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை.

இந்த முறை வந்தது வேறு காரியத்துக்கு. மாமல்லபுரத்தில் ஓர் உணவகக்காரர், நான் பதிவு செய்து அனுப்பியதைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார். என் பாட்டுகள், நானே எழுதியவை, எட்டு. எனக்கு முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். நாற்பத்தொரு வயதில் முதல் தடவை.

அதற்கு என் ஆம்ப் வேண்டும். மூன்று வருடம் முன்பு, மாமல்லபுரத்தில் குடியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது வாங்கியது. மனுஷன் தருகிறேன் என்பார், மறுநாள் தரமாட்டேன் என்பார். மூன்று முறை இழுத்தடித்துவிட்டு நாலாவது முறை கண்கலங்கிக் கொடுத்தார். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஐம்பது வாட், வால்வு ஆம்ப். கம்பியை மெதுவாகத் தொட்டால் முனகும், ஓங்கி அடித்தால் உறுமும். என் எட்டுப் பாட்டும் அந்த உறுமலை வைத்துக் கட்டியவை. முப்பது கிலோவை எந்த விமானத்தில் ஏற்ற? அதனால் சதுரங்கப்பட்டினத்தில் குமரேசனிடம் விட்டுவைத்திருந்தேன். வருடத்துக்குப் பத்து நாள் வந்து வாசித்துவிட்டுப் போவேன்.

குமரேசன் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். கடற்கரைப் பக்கம் பழைய டச்சுக் கோட்டையைத் தாண்டி வாட்டர் வாஷ் ஷெட் வைத்திருக்கிறான். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோவும் உண்டு.

செவ்வாய்க்கிழமை அவனைப் பார்க்கப் போகும் வழியில் செங்கல்பட்டில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். மஸ்கட்டில் பதினோரு வருடமாகத் தேடியும் கிடைக்காத வடகறி. அதை நிம்மதியாக நினைத்துப் பார்க்கக்கூட விடாமல் பஸ்ஸில் கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

"இத்துக்கு லக்கேஜ் போடணும்மா."

"மடியில வச்சிக்கிறேன்."

"மடில வச்சா மட்டும் கொழந்தையா ஆயிடுமா? லக்கேஜ் லக்கேஜ்தான்."

பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பினார். "இன்னா பாப்பா அது, வீணையா?"

"கிட்டார்மா."

"யார் வாசிப்பாங்கோ?"

"நான்தான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் வரும்போது அந்த அம்மாள் ஒரு பிடி வேர்க்கடலையை என் கையில் திணித்தார். அதையும் கோபத்தோடுதான் தின்றேன்.

ஷெட்டின் தூண்களில் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. வாசலில் உடைத்த பூசணிக்காய் சிவந்து கிடந்தது. லோடு ஆட்டோ, கம்ப்ரசர், தண்ணீர் அடிக்கும் துப்பாக்கி, ஸ்பேனர்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் ஒரு ஸ்டூல். அதன் மேல் புதுத் துண்டு. துண்டின் மேல் என் ஆம்ப், சாமந்தி மாலையோடு.

"வா ரூபி! பொட்டி எப்டி கீது? புச்சு மாதிரி இல்ல?"

"இன்னா பண்ணி வச்சிருக்க?"

"வருசா வருசம் பூசைக்கு துணியால தொடச்சி பொட்டு வச்சிகினுதான் இருந்தேன். இந்த வாட்டி நீ உன் பாட்ட வாசிக்கப் போறேன்னு போன்ல சொன்னியே. அதான் பின்னாடி மூடியக் கழட்டி, ஷாம்பு போட்டு, நல்லா வாட்டர் வாஷ் அடிச்சிட்டேன்."

"ஷாம்புவா?"

"கார் ஷாம்பு. ஒசந்ததுதான்."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நான்கு வால்வுகளின் கண்ணாடி மேலும் வரிசையாகச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டு. ஸ்பீக்கர் பெட்டி எங்கே என்றேன். அது மூலையில் தார்ப்பாய் போட்டு பத்திரமாக மூடியிருந்தது.

"அத்த நான் தொடல. முன்னாடி துணி கீதுல்ல? துணிக்குத் தண்ணி ஆவாது."

துணிக்குத் தண்ணீர் ஆகாதாம், கரண்ட்டு ஓடுகிற இடத்துக்கு ஆகுமாம். அதற்கப்புறம் நான் பேசியதையெல்லாம் எழுத முடியாது. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் எலக்ட்ரிக்கல் படித்தவன்டா நீ என்றேன். மாடு கழுவுகிறவன்கூட மாட்டைக் கேட்டுக் கழுவுவான் என்றேன். தெருவில் மீன் கூடையோடு போன இரண்டு பெண்கள் நின்று முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்கள். குமரேசன் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு நாளு வெயில்ல வச்சேனே, காஞ்சிருக்கும். இரு, டீ வாங்கினு வரேன். வெறும் வயித்துல கத்தாத."

அவன் போய்விட்டான். நான் ஆம்போடு தனியாக நின்றேன்.

டிரான்ஸ்ஃபார்மருக்குள் செம்புக் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் காகிதம் சுற்றியிருக்கும். அதில் ஏறிய ஈரம் இரண்டு நாள் வெயிலில் போகாது. எனக்கு இது நன்றாகத் தெரியும். ஈரத்தில் கரண்ட் கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும். தெரிந்தும், இதை எழுத வெட்கமாக இருக்கிறது, பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். வேலை செய்தால் சனிக்கிழமை பிழைத்தது. செய்யாவிட்டால் அவன் திரும்பி வரும்போது மூஞ்சிக்கு நேரே காட்டலாம். அந்த நேரத்தில் இரண்டில் எது வேண்டுமென்று நினைத்தேனோ, இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வால்வுகள் மெல்லச் சிவந்தன. நிமிர்ந்தேன். முழுக் கரண்ட்டையும் திறந்துவிடும் ஆம்பின் இரண்டாவது ஸ்விட்சைத் தட்டியதும் உள்ளே நீலமாக ஒரு மின்னல், 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

குமரேசன் பையில் கட்டிய டீயும் இரண்டு பேப்பர் கப்புமாக வந்தான். மூக்கை உறிஞ்சினான். "இன்னா வாசன?"

"உன் வாட்டர் வாஷ் வாசன."

அவன் ஆம்பைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தான். "நான்தான் கெடுத்துட்டேனா?"

"வேற யாரு?" என்றேன்.

சொல்லிவிட்டேன். டீயையும் வாங்கிக் குடித்தேன்.

அன்று மதியமே லோடு ஆட்டோவில் ஆம்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு போனோம். வழியெல்லாம் மழை. கிட்டார் கடை எல்லாம் சென்னையில். அங்கே கொடுத்தால் ஒரு மாதம் என்பார்கள். குமரேசனுக்குத் தெரிந்தது மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைதான். கிணற்று மோட்டார், போர் மோட்டார், ஸ்டெபிலைசர் என்று சுற்றுவட்டார ஊர்களின் எரிந்துபோன சாமான்கள் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. கடைக்காரர் வேலுவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வயலில் இருந்து நேரே வந்தவர் போல முழங்கால் வரைக்கும் சேறு.

"எத்தினி எச்.பி?" என்றார்.

"எச்.பி இல்ல. ஐம்பது வாட்டு. கிட்டார் ஆம்ப்."

"ஓ, பாட்டுப் பொட்டியா?" குமரேசனைப் பார்த்தார். "அண்ணாத்த வாசிப்பீங்களா?"

"நான் கழுவுறவன்" என்றான் குமரேசன். "அவங்கதான் வாசிக்கிறவங்க."

வேலு பொட்டுகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் கடையிலும் எல்லா மோட்டாருக்கும் பொட்டு இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, மின்கசிவு பார்க்கும் ஒரு பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி அளந்தார். முள் பாதியிலேயே படுத்துக்கொண்டது. இன்னொரு முறை சுற்றினார்.

"வெந்துபோவல. உள்ள ஈரம். பியூஸு போனதால இது தப்பிச்சுது. இன்னும் ரெண்டு செகண்டு ஓடியிருந்தா மொத்தமும் கரிதான்." நிமிர்ந்து பார்த்தார். "யாரு ஈரத்துல கரண்ட்டு குடுத்தது?"

நான் சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி பார்த்தேன்.

"நான்தான்" என்றான் குமரேசன்.

"மூள கீதா அண்ணாத்த உனக்கு? ஒரு வாரம் காயவுட்டுருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. தண்ணி பட்டது கூட தப்பில்ல. அவசரப்பட்டு ஸ்விட்சு போட்டதுதான் தப்பு. சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும்."

குமரேசன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் கழுவியதைத்தான் சொல்கிறான், வேலு கேட்டதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

வேலு டிரான்ஸ்ஃபார்மரை ஒரு தகர டிரம்முக்குள் வைத்தார். பக்கத்தில் இருநூறு வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரியவிட்டார். மேலே ஒரு சாக்கு. மழைக்காலத்தில் மோட்டார்களைக் காயவைக்கும் முறை அது. "வெள்ளிக்கெழம வா. நடுவுல வந்து சாக்கத் தூக்கிப் பாக்காத" என்று குமரேசனை மறுபடி ஒருமுறை முறைத்தார்.

புதன்கிழமை முழுக்க அக்கா வீட்டில் கிட்டாரின் முறுக்காணியை நிமிர்த்திக்கொண்டு, வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். "நீ மஸ்கட்டுக்கே போயிடு தாயி" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை மாமல்லபுரம். தெருவுக்குத் தெரு கல்லை அறுக்கும் மெஷின் சத்தம். அதற்கு நடுவில் உணவகத்தின் வாசலில் என் நிகழ்ச்சிக்கான பேனர். கொட்டை எழுத்தில் என் பெயர். பக்கத்தில் கிட்டாரோடு ஒரு படம். படத்தில் இருந்தது தாடி வைத்த ஆண்.

"யாரு சார் இது?"

"கம்ப்யூட்டர்ல கிட்டார்னு போட்டா இதான் மேடம் வருது" என்றார் உணவகக்காரர். நல்ல மனிதர்தான். இறால் வறுவல் வரவழைத்து முன்னால் வைத்துவிட்டு மெல்ல விஷயத்துக்கு வந்தார். "மேடம், ஒரு மணி நேரத்துல அரை மணி சினிமாப் பாட்டு போட்டுக்கலாமா? ஜனங்க கேப்பாங்க. அந்தப் பொட்டி எதுக்கு, நம்மகிட்டயே மைக் செட் கீது."

எட்டும் என் பாட்டு, என் ஆம்பில்தான் என்றேன். அது இப்போது எங்கே என்று கேட்டார். காய்ந்துகொண்டிருக்கிறது என்றேன். அவர் இறால் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்.

"சனிக்கெழம நாலு மணிக்குள்ள பொட்டி வந்து சத்தம் வரணும். இல்லன்னா தப்பா நெனச்சுக்காதீங்க, கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருத்தர் இருக்காரு, பாட்டும் பாடுவாரு. நீங்க கூட நின்னு வாசிங்க."

கூட நிற்பதாம். பதினோரு வருடம் கூட நின்றாயிற்று. இறாலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அது நல்ல இறால், இப்போதும் வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை வேலு கடையில் கூட்டம். டிரான்ஸ்ஃபார்மரைச் சாக்குக்கு அடியிலிருந்து சுடச்சுட எடுத்தார். அளந்தார். முள் நிமிர்ந்து நின்றது. புது பியூஸ் போட்டு எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினார். பெரிய வால்வுகள் இரண்டும் செத்திருந்தன. அந்த இரண்டும் ஒரே ஜோடியாக இருந்தால்தான் ஆம்ப் ஓடும். என் காலுறையில் பிழைத்திருந்தது சரியாக ஒரு ஜோடி. அவற்றை நானே சொருகினேன். சின்ன வால்வுகளின் மேல் இருந்த பொட்டை மட்டும் துடைக்க நேரமில்லை.

வேலு நேராகக் கரண்ட் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு குண்டு பல்பை இணைத்தார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளீரென்று எரியும், நன்றாக இருந்தால் மங்கிவிடும். ஸ்விட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு அது மெல்ல மெல்ல மங்கியது. பல்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்தார். ஆம்ப் 'ம்ம்ம்' என்றது. நான் கிட்டாரைச் சொருகி ஓங்கி ஓர் அடி அடித்தேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த ஒருவர் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்.

"இவ்ளோதானா?" என்றார் வேலு. "ஒரு எச்.பி கூட வராது."

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். வேலு முன்னால், கரண்ட் கொடுத்தது நான்தான் என்று. குமரேசன் எனக்கு முன்னால் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போனான். மெதுவாகத் தூக்குடா என்று அவனைத் திட்டினேன்.

சனிக்கிழமை மூன்றரைக்கே சத்தம் வந்துவிட்டது. உணவகக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஆறு மணிக்கு மேடை. கடல் பக்கமிருந்து காற்று. மேசைகள் நிறைந்திருந்தன. குமரேசன் வெள்ளைச் சட்டையும் ஈரத் தலையுமாக ஓரத்தில் நின்றான். கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

"ஒரே ஒரு வாட்டி பொட்டிக்கு சுத்திப் போட்டுடட்டா?"

"கிட்ட வந்த, கொன்னுடுவேன்."

வாசித்தேன். முதல் பாட்டுக்கு யாரும் நிமிரவில்லை. இரண்டாவது பாட்டில் ஒருவர், பழைய சினிமாப் பாட்டு ஏதாவது போடுங்க என்றார். நான் சத்தத்தை இன்னும் ஏற்றினேன். மூன்றாவது பாட்டில் ஆம்ப் நன்றாகச் சூடேறியது. அப்போதுதான் வாசனை வந்தது. எங்கெங்கோ இடுக்கில் ஒட்டியிருந்த சந்தனம் சூட்டில் மணக்க ஆரம்பித்தது. கூடவே கார் ஷாம்புவின் எலுமிச்சை வாசனை. முன் மேசைப் பெண் கரண்டியை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். அடுத்த மேசையும் பார்த்தது. எங்கிருந்து என்று தேடித் தேடிக் கடைசியில் என்னைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பார்த்தபடியே இருந்தார்கள். மீதி ஐந்து பாட்டையும் தூணோரம் ஒதுங்காமல், முகத்துக்கு நேரே வாசித்து முடித்தேன். கைதட்டினார்கள். பெரிய கைதட்டல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத்தான் தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குமரேசன் லோடு ஆட்டோவிலேயே விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். ஆம்பை அவன் ஷெட்டிலேயே திரும்ப வைத்தாயிற்று. பொட்டு வைத்தாலும் வெளியே வை, தண்ணீர் மட்டும் காட்டாதே என்று சத்தியம் வாங்கினேன். நெம்மேலியில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினான். வாரம் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அங்கேதான் சொன்னேன்.

"குமரேசா, அன்னிக்கி ஈரத்துல கரண்ட்டு குடுத்தது நான்."

அவன் டீயை ஊதினான். "தெரியும்."

"எப்டி?"

"டீ வாங்கப் போசொல்ல போர்டுல எல்லா ஸ்விட்சும் ஆப்ல இருந்துச்சு. திரும்பி வரசொல்ல ஒண்ணு ஆன்ல கீது. நீ பிளக்கு மட்டும் புடுங்கிட்ட, ஸ்விட்ச வுட்டுட்ட."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஏன்டா சொல்லல? அந்த வேலு முன்னாடி எதுக்கு நான்தான்னு சொன்ன? அவ்ளோ திட்டு திட்டினாரு, வாங்கிகினு நின்ன!"

"நீ என்னத் திட்டிகினே இருந்தா சனிக்கெழம வாசிப்பேன்னு தெரியும்" என்றான். "நீயே கெடுத்துட்டேன்னு உக்காந்து அழ ஆரம்பிச்சன்னு வையி, வூட்டுக்குப் பூடுவ. அதான்."

பிறகு கடைக்காரரிடம் இன்னொரு வடை கேட்டான்.

சனிக்கிழமைதான் முடிந்துவிட்டதே. அதனால் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, லாரிக்காரர்கள் எல்லாரும் பார்க்க, நான் அழுதேன்.